ரெண்டு பேருக்கும் பேரன்

ராத்திரிச் சாப்பாட்டைத் தினமும் இரண்டு முறை சாப்பிட்டு, அப்படியும் இளைத்துக்கொண்டே போன ஒரு மனிதரை எனக்குத் தெரியும். எங்கள் பனியன் கம்பெனியில் பேட்லாக் மிஷின் ஓட்டினார். கையையும் அடியையும் மடித்துத் தைக்கிற மிஷின் அது. பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

எண்பதுகளின் பாதியில் நான் அங்கே சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். எனக்கு இருபத்தாறு வயது. அவருக்கு முப்பத்திரண்டு, மூன்று இருக்கும். ஒடிசலான ஆள். கண்ணுக்குக் கீழே எப்போதும் கறுத்திருக்கும். சிரித்தால்கூட அசந்துபோய்ச் சிரிப்பது போலிருக்கும். ஆனால் திருப்பூரில் அப்போது அசராதவர் யார்? காலை எட்டரைக்கு உள்ளே வந்தால் மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். சரக்கு அவசரம் என்றால் எட்டரை வரை நீட்டி ஒன்றரை ஷிப்ட். ஒன்றரை கிடைக்காதா என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். பாய் மட்டும் ஐந்தரை அடித்ததும் மிஷினை நிறுத்தி, துணியால் துடைத்து, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

சேர்ந்த இரண்டாவது வாரமே அவரிடம் சண்டைக்குப் போனேன்.

“நாளைக்குச் சரக்கு போகுதுங்க பாய். அத்தன பேரும் நிக்கறாங்க. நீங்க மட்டும் கெளம்புனா எப்படிங்க?”

“கோவிச்சுக்காதீங்க. நான் போகாட்டி ரெண்டு பேரு சாப்புட மாட்டாங்க.”

“கொழந்தைங்களா?”

“இல்லீங்க. எங்க நன்னா ஒருத்தரு, தாதா ஒருத்தரு.”

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். முப்பது தாண்டிய மனிதர் வீட்டுப் பெரியவர்களுக்குப் பயந்து ஐந்தரைக்கு ஓடுகிறார் என்றால் யார் நம்புவார்கள்? பக்கத்து மிஷின்காரர்தான் சொன்னார், “நெசந்தானுங்க. அவர விட்டுருங்க” என்று.

கதை எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. நன்னா என்றால் அம்மாவைப் பெற்றவர், வீரபாண்டியில் இருந்தார். தாதா என்றால் அப்பாவைப் பெற்றவர். மங்கலத்தில் தறி வைத்திருந்தவர். பாய்க்கு மூன்று வயதாக இருக்கும்போது அவருடைய அம்மா இரண்டாவது பிரசவத்தில் மங்கலத்து வீட்டில் இறந்துபோனார். நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கியிருந்தால் மகள் பிழைத்திருப்பாள் என்பது நன்னாவின் முடிவு. தூக்கிக்கொண்டுதான் போனோம், பாதி வழியில் போய்விட்டாள் என்பது தாதாவின் பதில். இரண்டு பேரும் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அப்பா பம்பாய்க்குப் போனார்; திரும்பி வரவில்லை. மிச்சமிருந்த பிள்ளையை இரண்டு வீடும் பங்கு போட்டு வளர்த்தன. ஒரு மாதம் இங்கே, ஒரு மாதம் அங்கே. அந்தப் பங்கு அவர் பெரியவராகி, கல்யாணம் ஆகி, இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பனான பிறகும் முடியவில்லை. மாதக் கணக்கு மட்டும் நாள் கணக்காக மாறியிருந்தது.

ஐந்தரைக்குக் கம்பெனியை விட்டால் முதலில் வீரபாண்டி. நன்னா அந்தி நேரத்து மக்ரிப் தொழுதுவிட்டுப் பேரனோடு உட்கார்ந்து சாப்பிடுவார். பேரன் வராவிட்டால் தட்டைத் தொடமாட்டார். அங்கிருந்து மங்கலம். தாதா ராத்திரி இஷா தொழுதுவிட்டுப் பேரனோடு சாப்பிடுவார். அவருக்கும் அதே பிடிவாதம். நன்னாவுக்கு மகன் வீடு பக்கத்திலேயே இருந்தது. தாதாவும் இளைய மகன் வீட்டோடுதான் இருந்தார். சோறு போட ஆள் இல்லாமல் இல்லை. இரண்டு பேருக்கும் வேண்டியிருந்தது அந்த ஒரே பேரன்தான்.

எங்கள் கம்பெனி சைக்கிள் ஸ்டாண்டில் இரண்டு வண்டி நிறுத்தி வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். மங்கலம் தூரம், மொபெட் வாங்கிக்கொள் என்று தாதா சொன்னார். வாங்கினார். அந்தச் சனியனில் ஏறாதே, சைக்கிளிலேயே வா என்று நன்னா சொன்னார். அதனால் ஐந்தரைக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீரபாண்டி போவார். ஏழரை மணிக்குத் திரும்பி வந்து, சைக்கிளை நிறுத்திவிட்டு, மொபெட்டை உருட்டிக் கிளப்பி மங்கலம் போவார். மழைக்காலத்தில் நனைந்த சட்டையோடு வண்டி மாற்றுவதைப் பார்த்தால் எனக்கே கால் வலிக்கும்.

“நன்னாகிட்ட மொபெட் இருக்குதுன்னு சொல்லிட்டீங்களா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சொல்லிட்டேனுங்க. மங்கலத்துக்கு எதுல போனா எனக்கென்ன, எங்கூட்டுக்குச் சைக்கிள்ல வான்னுட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சரிங்க நன்னான்னேன்.”

அந்தச் ‘சரிங்க’வை அவர் சொல்லும் விதம் ஒன்று உண்டு. ஏற்ற இறக்கம் இருக்காது. சலித்துக்கொண்டு சொல்ல மாட்டார். சந்தோஷமாகவும் சொல்ல மாட்டார். பெரியவர்கள் முன்னால் ‘சே’ என்று ஒரு எழுத்துகூட வாயில் வரக் கூடாது என்று சின்ன வயதில் ஓதிக் கொடுத்திருந்தார்கள். முகத்திலும் வராமல் பார்த்துக்கொண்டார். அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று எனக்குப் பின்னால் தெரிந்தது. அவருடைய வயிற்றுக்குப் போயிருந்தது.

ஒரு சித்திரை மாதம் மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். ஆட்டோவில் போட்டு டாக்டரிடம் கூட்டிப் போனேன். குடல் புண். ராத்திரி இரண்டு முறை வயிறு நிறையச் சாப்பிடுவதை நிறுத்தச் சொன்னார் டாக்டர். அடுத்த வாரம் என்ன ஆயிற்று என்று விசாரித்தேன்.

“நன்னாகிட்ட சொன்னேனுங்க. அப்ப மங்கலத்துல கொறச்சுக்கன்னாரு.”

“தாதா?”

“வீரபாண்டில கொறச்சுக்கன்னாரு.”

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

மிஷினில் சாய்ந்த அன்று டாக்டரிடமிருந்து அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டபோதுதான் அவர் மனைவியை முதல்முறை பார்த்தேன். காங்கயம் ரோட்டுப் பக்கம் லைன் வீடு. ஒரே அறை, முன்னால் ஒரு தாழ்வாரம். அந்த அம்மா கலர் கலராக நூல் பிசிறு ஒட்டிய சேலையோடு நின்றார். வீட்டில் இருந்தபடியே பனியனில் பிசிறு வெட்டிக் கொடுக்கிற வேலை. கணவரைப் படுக்க வைத்துவிட்டு எனக்கு டீ கொடுத்தார். குரலை உயர்த்தாமல், யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

“கல்யாணமாகி ஏழு வருசமாச்சுங்க. எங்கூட்டுல அவரு ராத்திரிச் சோறு தின்னதில்லீங்க. நோம்பு மாசத்துலகூட ஒருநாள் அங்க தொறப்பாரு, ஒருநாள் இங்க தொறப்பாரு. எம்பட புள்ளைங்களுக்கு அப்பன் சாப்புடறது எப்படி இருக்கும்னே தெரியாதுங்க.”

“நீங்க சொல்லிப் பாக்கலீங்களா?”

“அந்தப் பெரியவங்க ரெண்டு பேரும் எம்மேல உசுருங்க. என்னன்னு சொல்றது?” என்று அந்த அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டார். “இவரு சொன்னா நாம கேக்கோணும், அவங்க சொன்னா இவரு கேக்கோணும். அப்படியே போகுதுங்க.”

அந்த வருஷக் கடைசியில் எங்கள் முதலாளி முதலிபாளையத்தில் இன்னொரு யூனிட் போட்டார். பாயை அங்கே பொறுப்பாளராகப் போடலாம் என்று நான்தான் சொன்னேன். மிஷினில் அவருக்குத் தெரியாதது இல்லை. பையன்கள் அவர் சொன்னால் கேட்பார்கள். முதலாளியும் சம்மதித்தார். ஒரே சிக்கல், அங்கிருந்து வீரபாண்டிக்கும் மங்கலத்துக்கும் தினமும் போய்வர முடியாது. பாய் இரண்டு நாள் தவணை கேட்டார். மூன்றாம் நாள் காலையில் வந்து, “தாதா போன்னுட்டாருங்க. நன்னா வேண்டாங்கறாரு. ஒருத்தரு வேண்டான்னா வேண்டாந்தானுங்க” என்று சொல்லிவிட்டு மிஷினில் உட்கார்ந்தார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“உங்க வயசென்ன பாய்? ரெண்டு கெழவங்களுக்காக உங்க பொழப்பக் கெடுத்துக்கறீங்க. ஒருத்தர்கிட்டயாவது முடியாதுன்னு சொல்லிப் பழகுங்க.”

அவர் கோபப்படவில்லை. நூல் கோத்துக்கொண்டே சொன்னார்.

“தாயும் தகப்பனும் இல்லாத எடத்துல அவங்கதானுங்க தாயும் தகப்பனும். மார்க்கத்துல கேக்கக் கூடாத பேச்சும் இருக்குது, இல்லேங்கல. படச்சவனுக்கு மாறா ஒண்ணச் செய்யின்னா கேக்கக் கூடாது. இவங்க அப்படியென்ன சொல்லிட்டாங்க? நேரத்துக்கு வா, தின்னுட்டுப் போ. இவ்வளவுதானுங்களே.”

“அதுல நீங்க தேஞ்சு போயிட்டீங்களே.”

“அது எங்கணக்குங்க” என்று மிஷினை மிதித்தார். அதற்கு மேல் சத்தத்தில் எதுவும் கேட்காது.

முதலிபாளையத்துக்கு வேறொருவர் போனார். சில வருஷத்தில் சொந்தக் கம்பெனியே போட்டுவிட்டார். பாய் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த நாட்களில் என் அம்மாவைப் பெற்ற அப்புச்சியும் உயிரோடு இருந்தார், காங்கயம் பக்கம் ஒரு கிராமத்தில். பொங்கலுக்கும் ஆடி நோம்பிக்கும் பார்ப்பதோடு சரி. அவர் படுத்த படுக்கையாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்த பத்து நாளும் எங்களுக்குக் கப்பல் சரக்கு. முடித்துவிட்டுப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. பாயிடம் கோபப்பட்ட அளவுக்கு நான் யாரிடமும் கோபப்பட்டதில்லை. அது ஏன் என்று இப்போது கொஞ்சம் புரிகிறது.

ஒருநாள் வேலையாக மங்கலம் ரோட்டில் போகும்போது, ஒரு டீக்கடைக்கு வெளியே மொபெட் நின்றது. பாய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் டீ இல்லை. ரோட்டைக்கூடப் பார்க்கவில்லை. நன்னா வீட்டுச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் தாதாவிடம் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்கறேனுங்க. தினமும் இங்க பத்து நிமிசம் உக்காருவேன். யாருக்கும் பேரனா இல்லாம, யாருக்கும் அப்பனா இல்லாம.” கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல எழுந்து வண்டியைக் கிளப்பினார். “இத எங்கூட்டுல சொல்லீராதீங்க.”

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாதா விழுந்தார். ஒரு பக்கம் கை கால் வரவில்லை, பேச்சும் குழறிவிட்டது. பேரன் ஊட்டினால் மட்டும் கஞ்சி இறங்கியது. பாய் ஒரு மாதம் அரை நாள் வேலை பார்த்தார். விடியற்காலையிலும் மதியத்திலும் மங்கலம் போனார். மாலையில் வீரபாண்டிக்குப் போவதை மட்டும் விடவில்லை. ஆனால் போனால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாராம். ஐந்தே நிமிடம் இருந்துவிட்டுத் திரும்பியதும் உண்டு.

அப்படி ஒருநாள் காலையில் மிஷினில் உட்கார்ந்தவர் ஓட்டாமல் இருந்தார். பக்கத்தில் போனேன்.

“சொல்லிட்டாருங்க” என்றார்.

“யாரு? என்ன சொன்னாங்க?”

“நன்னா. இனிமே அந்த ஊட்டு வாசல மிதிக்கக் கூடாதாம். அவன் எம்புள்ளயக் கொன்னான், இப்ப எம்பேரனையும் புடிச்சுக்கிட்டான். அங்க போறதா இருந்தா இங்க வராதேங்கறாரு.” கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். “இத்தன வருசமா இத மட்டும் அவரு சொல்லலீங்க. சொல்லீருவாரோன்னு பயந்துக்கிட்டேதான் இருந்தேன்.”

மதியம் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். சொந்தத்தை அறுக்கச் சொன்னால் அதைக் கேட்க வேண்டியதில்லை, ஆனால் மறுக்கும்போது குரல் உயரக் கூடாது, விரட்டினாலும் அவரைப் பார்க்கப் போவதை நிறுத்தக் கூடாது. இதுதான் ஹஜ்ரத் சொன்னது.

“இது உங்களுக்கே தெரியுமே பாய்” என்றேன்.

“தெரியுமுங்க. வேற ஒருத்தரு வாயால கேக்கோணும்னு இருந்துச்சு.” அப்புறம், “சாயங்காலம் கூட வாங்க. எனக்கு நாக்கு எழாது. நீங்க பக்கத்துல நின்னாப் போதும்” என்றார்.

போனேன். நன்னாவின் வீடு ரோட்டைப் பார்த்த ஒற்றை அறை. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எண்பது தாண்டிய உடம்பு, கண்ணில் மட்டும் கூர்மை இருந்தது. பாய் கீழே, காலடியில் உட்கார்ந்தார். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“நன்னா, நீங்க சொல்லி நான் எதையும் தட்டுனதில்ல. இத மட்டும் என்னால முடியாது நன்னா.”

நன்னா நம்பாதவர் போலப் பார்த்தார். “என்ன சொன்ன?”

“முடியாது நன்னா. அவருக்கு வாயில ஊட்ட ஆளில்ல.”

“அப்ப எந்திரிச்சுப் போ.”

“போறேன். நாளைக்கு வருவேன்.”

மறுநாள் போனபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். பாய் தினமும் சைக்கிளில் போய், மூடிய கதவுக்கு முன்னால் நின்று சலாம் சொல்லி, அரை மணி நேரம் படியில் உட்கார்ந்துவிட்டு வந்தார். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். மாமா வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒன்றரை மாதம் இது நடந்தது.

“எதுக்கு பாய் இந்த அவமானம்? கதவத்தான் தொறக்க மாட்டேங்கறாரே” என்றேன்.

“சலாம் சொன்னா பதில் சொல்லோணுமுங்க. அது கடமை. எத்தன கோவம் இருந்தாலும் விட முடியாது. உள்ள மெதுவாச் சொல்றாரு, எனக்குக் கேக்குது.” அசந்துபோன அந்தச் சிரிப்பைச் சிரித்தார். “அது கேக்கற வரைக்கும் நல்லா இருக்கறாருன்னு அர்த்தமுங்க.”

தாதா ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலையில் மௌத்தானார். கம்பெனியில் இருந்து ஏழெட்டுப் பேர் போனோம். ஜும்மா முடிந்து அடக்கம். கபர்ஸ்தானில் நாங்கள் ஓரமாக நின்றோம். ஒவ்வொருவராக வந்து மூன்று பிடி மண் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். பாய் போட்டார். நகர்ந்தார். இரண்டடி வைத்தவர் திரும்பி வந்து, மறுபடியும் குனிந்து, மறுபடியும் மூன்று பிடி அள்ளிப் போட்டார். சித்தப்பா அவரைப் பார்த்தார்.

எல்லாம் முடிந்து கை குலுக்கிவிட்டுக் கிளம்புகிறபோது என்னிடம் வந்தார். முகம் வீங்கியிருந்தது.

“வீரபாண்டிக்குப் போகோணுமுங்க. என்னால வண்டி ஓட்ட முடியல.”

என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் பின்னால் கனமாக உட்கார்ந்திருந்தார். கதவு அன்றும் மூடித்தான் இருந்தது. பாய் முன்னால் நின்று சலாம் சொன்னார். உள்ளே இருந்து மெல்லிய பதில் வந்தது, எனக்கும் கேட்டது. பாய் படியில் உட்காரப் போனார். அப்போது தாழ்ப்பாள் விலகியது.

நன்னா ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சேதி ஏற்கெனவே வந்திருக்க வேண்டும்.

“எப்ப?”

“சுபுஹு நேரத்துல நன்னா.”

“யாரு குளிப்பாட்டுனது?”

“நானும் சித்தப்பாவும்.”

நன்னா தட்டுத்தடுமாறிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். நாங்களும் உள்ளே போனோம். பாய் கீழே உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தபடி நன்னா கேட்டார்.

“மண்ணுப் போட்டியா?”

“போட்டேன் நன்னா. உங்களுக்கும் சேத்துப் போட்டேன்.”

நன்னா சுவரிலிருந்து கண்ணை எடுத்தார்.

“யாரு போடச் சொன்னா?”

“யாரும் சொல்லல நன்னா. நானாத்தான் போட்டேன்.”

வசவு வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. கிழவர் பேரனின் கைகளைப் பார்த்தார். “நகத்துல இன்னும் ஒட்டியிருக்குது. போய்க் கழுவிட்டு வா” என்றார். பாய் எழுந்து பின்பக்கக் குழாயடிக்குப் போனார்.

அவர் போனதும் நன்னா என் பக்கம் திரும்பினார். அதுவரை நான் ஒருவன் அங்கே இருப்பதாகவே அவர் காட்டிக்கொண்டதில்லை.

“ஏனுங்க, நீங்க அங்க இருந்தீங்களா?”

“இருந்தேனுங்க.”

“எம்பேருக்குப் போட்டானா? கண்ணால பாத்தீங்களா?”

“பாத்தேனுங்க. திரும்பி வந்து போட்டாருங்க.”

“எத்தன பிடி?”

“மூணுங்க.”

தலையாட்டினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பின்னால் குழாய்த் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவர் தோள் குலுங்குவதை நான் பார்க்காதவன் போல வாசலைப் பார்த்தேன். தண்ணீர் நின்றது. பாய் கையை உதறியபடி உள்ளே வருவதற்குள் துண்டு தோளுக்குப் போய்விட்டது.